ஹெல்லர் வழக்கும் ஒரு வினையெச்சமும்

ஜூலை 8, திங்கள்

விருப்பப் பாடம் எனக்கு வந்துவிட்டது. ஒப்பீட்டு அரசியலமைப்புச் சட்டம். யாரும் விரும்பாததால் எனக்கு வந்த விருப்பப் பாடம்.

சட்டக் கல்லூரி முதல்வர் பாடத்திட்டக் கோப்பை என் பக்கம் தள்ளினார். "ஜான்சி, நீங்க சின்னவங்க. வெளிநாட்டுக் கேஸெல்லாம் உங்களுக்குத்தான் வரும்." நான் இதுவரை போயிருக்கும் அதிகபட்ச வெளிநாடு பெங்களூரு.

ஒன்பது மாணவர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் ஒன்பது நீதிபதிகள். சகுனம் நன்றாக இருக்கிறது.

முதல் வழக்கு ஹெல்லர், 2008. ஒரு மனிதன் தன் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது அவனுடைய உரிமையா? பாடத்திட்டத்தில் இது மூன்றாவதாக இருக்கிறது. முதலில் எடுத்தால் சுவாரசியமாக இருக்கும் என்று பட்டது. வேறு காரணம் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

கலெக்டர் அலுவலகத்திலிருந்து அப்பாவுக்கு நோட்டீஸ்.

அப்பா முதல் பாதி ராணுவம், மறுபாதி வங்கி வாசல். நான் பிறந்தபோது அவருக்கு ஜான்சியில் போஸ்டிங். பெயருக்கு அதற்கு மேல் அவர் மெனக்கெடவில்லை. வங்கிக் காவலுக்குச் சொந்தத் துப்பாக்கியோடு போக வேண்டும் என்பது விதி. ஒரு ரெட்டைக்குழல் வாங்கினார், லைசன்ஸ் எடுத்தார். ஜனவரியில் வயதைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலை போனது. துப்பாக்கி வீட்டுக்கு வந்தது.

நோட்டீஸ் கேட்பது நியாயமான கேள்வி. லைசன்ஸ் வேலைக்காகக் கொடுத்தது. இப்போது வேலை இல்லை. எதற்குப் புதுப்பிக்க வேண்டும்? மாத முடிவுக்குள் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லைசன்ஸ் முடிந்தது, துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும்.

அப்பா காகிதத்தை என்னிடம் நீட்டினார். "நீதான வக்கீலு. எழுதிக் குடு."

"வக்கீல் இல்லப்பா. வாத்தியார்."

"ரெண்டும் பேசுற வேலதான."

சமையலறையிலிருந்து அம்மா: "எழுதிக் குடுத்த, சோறு கெடையாது."

யாருக்கு என்று சொல்லவில்லை.

ஜூலை 11, வியாழன்

முதல் வகுப்பு. அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் மொத்தமே ஒரு வாக்கியம். இருநூறு வருடங்களுக்கும் மேலாக அந்த ஒரு வாக்கியத்துக்குச் சண்டை. ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதி, தமிழில் பெயர்த்து வரச் சொன்னேன். பாதிப் பேர் தேர்வைத் தமிழில்தான் எழுதுவார்கள்.

ஏழுமலை உடனே கைபேசியில் தட்டிப் பதிலோடு எழுந்தான்.

"'கைகளை வைத்துக்கொள்ளவும் தாங்கவும் மக்களுக்கு உள்ள உரிமை.' மேடம், கை வச்சிக்கறதுக்கு கூடவா அந்த ஊர்ல சட்டம் வேணும்?"

"ஆயுதம், ஏழுமலை. 'ஆர்ம்ஸ்'னா ஆயுதம்னும் பொருள் இருக்கு."

"அதான பாத்தேன். கை இல்லாதவன் இன்னா பண்ணுவான்னு கவலையா பூட்ச்சு."

திலகவதி சிரிக்கவில்லை. தமிழ் இலக்கியம் படித்து, பள்ளியில் இலக்கணம் நடத்திவிட்டுச் சட்டம் படிக்க வந்தவள். என்னைவிட ஒரு வயது பெரியவள். யார் பேசினாலும் பிழை திருத்துவது போலவே கேட்பாள். எனக்கு அவளிடம் கொஞ்சம் பயம்.

அப்பா மாலையில் துப்பாக்கியைத் துடைத்தார். நேற்றும் துடைத்தார். மற்றபடி நன்றாக இருக்கிறார்.

ஜூலை 14, ஞாயிறு

வீட்டில் போர்.

அம்மா துப்பாக்கியைக் கழற்றிவிட்டாள். எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. முப்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். குழல் பழைய புடவையில் சுற்றிப் பரணில். கட்டை பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில்.

"இன்னாடி இது?"

"துப்பாக்கி."

"கழட்டிப் போட்டா அது துப்பாக்கியா? ரெண்டு கொழாயும் ஒரு கட்டையும்."

"எனக்கு அதான் வேணும். வேணும்னா கொழாய எடுத்து அடுப்பு ஊது."

நான் சிரித்துவிட்டேன். தவறு. இருவரும் என்னைப் பார்த்தார்கள். விளக்க வேண்டியதாயிற்று. வாஷிங்டனில், அதாவது கொலம்பியா மாவட்டத்தில், இதே போல ஒரு சட்டம் இருந்தது. வீட்டில் கைத்துப்பாக்கியே கூடாது. நீளத் துப்பாக்கி இருந்தால், தோட்டாவை எடுத்துவிட்டுக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது விசையைப் பூட்ட வேண்டும். ஹெல்லர் என்பவர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. ஆபத்து வந்த நேரத்தில் உதவாத துப்பாக்கி எதற்கு என்றது.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாரு அந்த எல்லரு?"

"ஹெல்லர்ப்பா. காவலர். உங்கள மாதிரி. ஒரு அரசாங்கக் கட்டடத்துல துப்பாக்கியோட டியூட்டி. வீட்டுலயும் ஒண்ணு வச்சிக்கறேன்னு கேட்டார். முடியாதுன்னுட்டாங்க."

"டியூட்டில நம்புவானுங்க. வூட்டுக்கு வந்தா நம்ப மாட்டானுங்க."

"அதான் கேஸ்."

"கோர்ட்டு நம்ம பக்கம்?"

"அமெரிக்கா கோர்ட்டு."

"எந்தக் கோர்ட்டா இருந்தா இன்னா." அம்மாவைப் பார்த்து: "கேட்டியா? கோர்ட்டே சொல்லிட்ச்சு."

சிரித்தார். எவ்வளவு நாள் கழித்து என்று யோசித்தேன். யோசிப்பதை நிறுத்தினேன்.

அம்மா எனக்கு மட்டும் இரண்டாவது தோசை வார்க்கவில்லை. கொலம்பியா மாவட்டத்தின் பதிலடி.

ஜூலை 15, திங்கள்

நோட்டீஸுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

இன்றைய வகுப்பைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

என் மொழிபெயர்ப்பை நகலெடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையோடுதான்.

"ஒழுங்குற அமைந்த குடிப்படை ஒரு சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு அவசியமாக இருப்பதால், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது."

வழக்கு என்ன என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தில் இரண்டு பகுதி. முதலில் குடிப்படை, அதாவது ஊர் மக்களே திரளும் படை. பிறகு உரிமை. ஒரு தரப்பு சொல்கிறது: முதல் பகுதி வெறும் முன்னுரை, உரிமை தனியாக நிற்கும். மறு தரப்பு சொல்கிறது: முதல் பகுதிதான் காரணம், குடிப்படைக்காகத்தான் உரிமை, அது இல்லாவிட்டால் இதுவும் இல்லை. ஐந்து பேர் முதல் தரப்பு. நான்கு பேர் இரண்டாவது. ஆகவே—

திலகவதி கை தூக்கினாள்.

"மேடம், நீங்க 'ஆல்' போட்டுட்டீங்க."

"எங்க?"

"'இருப்பதால்'. ஆல் போட்டா காரணம். காரணம் போச்சுன்னா காரியம் போச்சு. கேஸ் முடிஞ்சிடுச்சே மேடம். ஹெல்லர் தோத்துட்டார். இதுக்கு எதுக்கு ஒன்பது ஜட்ஜு?"

நான் தாளைப் பார்த்தேன். இரண்டு எழுத்து. ஒரு வேற்றுமை உருபு. ஒரு வாரம் தயாரித்துவிட்டு, நான் தீர்ப்பை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் தோற்ற தரப்பின் தீர்ப்பை.

"இங்கிலீஷ்ல எப்படி இருக்கு?" என்றேன். எனக்குத் தெரியும். நேரம் வாங்கினேன்.

"அதுல ஆலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தொங்குது."

"தமிழ்ல அப்படித் தொங்க முடியாதே."

"முடியும் மேடம்." எழுந்து வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். என் 'இருப்பதால்' மீது ஒரு கோடு. பக்கத்தில் 'இருக்க'. "குடிப்படை அவசியமாக இருக்க, உரிமை மீறப்படக் கூடாது. செயவெனெச்சம். 'மழை தூற குடை விரிச்சான்.' மழைதான் காரணம். 'பொழுது சாய வீட்டுக்கு வந்தான்.' பொழுது சாஞ்சதாலயா வந்தான்? அவன் பாட்டுக்கு வந்தான், அது பாட்டுக்கு சாஞ்சுது. ரெண்டுக்கும் ஒரே எச்சம்தான்."

"அப்ப இது மழையா, பொழுதா?" என்றான் ஏழுமலை.

"அதத்தான்டா ஒன்பது பேரு உக்காந்து யோசிச்சாங்க."

மணி அடித்தது. யாரும் எழவில்லை. ஆசிரியப் பணியில் எனக்கு இது முதல் முறை.

ஜூலை 18, வியாழன்

நம் நாட்டு நிலைமை நடத்தினேன். இங்கே துப்பாக்கி உரிமை அல்ல, அனுமதி. அங்கே மறுப்பதற்கு அரசு காரணம் சொல்ல வேண்டும். இங்கே வைத்திருப்பதற்கு நாம் காரணம் சொல்ல வேண்டும்.

"அப்ப நம்ம சட்டத்துல 'ஆல்' இருக்கு" என்றாள் திலகவதி.

"பெரிய ஆல்" என்றேன். இப்போது அவளிடம் பயம் குறைந்திருக்கிறது.

ஷாஹிதா பின்வரிசையிலிருந்து: "எங்க தெரு பேங்க்ல ஒரு தாத்தா இருந்தாரு மேடம். ரெட்டைக்குழல் வச்சிகினு சேர்லயே தூங்குவாரு. பசங்க போயி மீசைய தொட்டுட்டு ஓடுவோம். முழிக்க மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள்.

எந்தத் தெரு, எந்த வங்கி என்று கேட்டுக்கொண்டேன். அது அப்பாவேதான். அவர் தூங்கியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மீசையைக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் யார் யார் தொட்டார்கள் என்று சொல்வார். இதை வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 21, ஞாயிறு

கருணாகரன் மாமா வீட்டுக்கு அம்மாவும் நானும் போய்விட்டு வந்தோம். மாமா அப்பாவின் ரெஜிமெண்ட் தோழர். அவரும் இன்னொரு வங்கி வாசலில் இருந்து ஓய்வு பெற்று, துப்பாக்கியோடு வீடு திரும்பியவர். ஏப்ரலில் போய்விட்டார். அத்தை கொஞ்சம் தேறியிருக்கிறார். மாமா உட்காரும் இடத்தில் இப்போது தொலைக்காட்சி. சுவருக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறார்கள், அந்த ஒரு சுவருக்கு மட்டும்.

அப்பா வரவில்லை. கால் வலி என்றார்.

அப்போது துக்கத்துக்குப் போய் வந்த அன்று மாலையே அம்மா தோட்டாக்களை எல்லாம் எடுத்துக் கேழ்வரகு மாவு டின்னுக்குள் புதைத்தாள். எதற்கு என்றேன். "ஈரம் பட்டுடும்" என்றாள். ஏப்ரல் மாதம். வேலூரில்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கூழ் இல்லை.

ஜூலை 22, திங்கள்

விடைத்தாள் திருத்தினேன். பதில் எழுத நேரம் இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

துணி மடித்தேன். அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். பதிலுக்கு நிறைய நாள் இருக்கிறது.

ஜூலை 24, புதன்

மாவு மில்லில் அம்மாவுடன். மிளகாய் அரைக்க வரிசை. இருவருக்கும் தும்மல்.

"எழுதிட்டியா?"

"இல்ல."

"எழுதாத."

"எழுதலன்னா லைசன்ஸ் போயிடும்மா."

"போட்டும்."

"நீயே அப்பாகிட்ட சொல்லேன், வேணாம்னு."

"சொன்னா எதுக்குன்னு கேப்பாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்குன்னு நான் சொல்லணுமா அவருகிட்ட? என் வாயால?"

மில்லின் சத்தம். நான் கேட்காதது போல இருந்தேன். அம்மாவும் சொல்லாதது போல இருந்தாள்.

"நீ சும்மா இரு" என்றாள் கொஞ்சம் கழித்து. "தானா பூடும்."

இரண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மிளகாய்.

ஜூலை 26, வெள்ளி

ஏழுமலை கட்டுரை எழுதி வரவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறானாம், விரதமாம், விரதத்தில் எழுதக் கூடாதாம்.

"எந்த சாஸ்திரத்துல?"

"எங்க வூட்டு சாஸ்திரம் மேடம். கட்டுரைக்கு இன்னியோட கடைசி நாளு. தாண்டிட்டா இன்னா பண்ணுவீங்க?"

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். நீயே உனக்கு சைபர் போட்டுகிட்ட மாதிரி."

"நான் எங்க போட்டேன்? நான் சும்மாதான மேடம் இருந்தேன்?"

வகுப்பு சிரித்தது. நான் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பையைக் கூடக் கழற்றாமல், பதிலை எழுதி முடித்தேன். அரைப் பக்கம். ராணுவச் சேவை, நன்னடத்தைச் சான்று, ஒரு வழக்கும் இல்லாதது. தேவை என்ற இடத்தில் இப்படி:

"எங்கள் வீடு ஊருக்கு வெளியே தனித்து இருக்க, எனக்குத் துப்பாக்கி தேவைப்படுகிறது."

'இருப்பதால்' என்று எழுதப் போனேன். கை 'இருக்க' என்று எழுதியது. நல்ல தமிழ்தானே.

அப்பா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்."

அம்மா இன்று என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

ஜூலை 29, திங்கள்

ஆடிக் கிருத்திகை. வகுப்பில் நால்வர். பாடம் இல்லை. பதிலை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். நேர்விசாரணைக்கு வரச் சொல்லி, அங்கேயே தேதியும் கொடுத்துவிட்டார்கள். ஆறாம் தேதி.

ஆகஸ்ட் 1, வியாழன்

வாக்கெடுப்பு நாள். நாற்காலிகளை வளைத்துப் போட்டு, ஒன்பது பேரையும் நீதிபதிகளாக உட்கார வைத்தேன். அவர்களில் ஒரு நீதிபதிக்கு மொட்டை, சந்தனம்.

திலகவதி ஹெல்லர் பக்கம் என்று நான் நினைத்திருக்கவில்லை. "வாக்கியம் தொங்குதுன்னா, தொங்குறத வச்சு ஒருத்தனோட உரிமைய வெட்டக் கூடாது." ஷாஹிதா எதிர்ப் பக்கம். "எழுதுனவங்க எதுக்கு குடிப்படைன்னு ஆரம்பிச்சாங்க? வாய் சும்மா இருக்காமயா?" இருவரும் தீர்ப்பில் உள்ளதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்கள்.

நாலுக்கு நாலு. மிச்சம் ஏழுமலை.

மொட்டையைத் தடவினான். "ஹெல்லருக்கே குடுங்க மேடம்." ஒரு பக்கம் கைத்தட்டல். "இருங்க, முடிக்கல. ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி அவரு பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க."

"அவருக்குக் கல்யாணம் ஆச்சான்னே தீர்ப்புல இல்லடா" என்றாள் திலகவதி.

"அப்ப அம்மாவ கேளு. யாராவது கூட இருக்கறவங்கள கேளு. அந்த வூட்ல அவர் ஒருத்தர்தான் இருக்காரா?"

இதை எந்தத் தரப்பில் எழுதுவது என்று ஒரே சண்டை. நான் குறுக்கிட வேண்டும். குறுக்கிடவில்லை.

"மேடம், நீங்க யார் பக்கம்?" என்றாள் ஷாஹிதா.

"நான் பாடம் நடத்துறவ."

"அது ஒரு பக்கமா மேடம்?"

ஆகஸ்ட் 5, திங்கள்

அப்பா நாளைக்காக வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டார். ஷூவுக்கு பாலிஷ். மெடல் வேண்டாம் என்று நான் சொன்னேன். சரி என்று கழற்றி வைத்தார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கலெக்டர் அலுவலகம். அம்மா வரவில்லை. வாசல் வரை வந்து, அப்பாவின் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அது சரியாகத்தான் இருந்தது.

விசாரித்த அதிகாரி ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். மேஜையில் பாதி குடித்த டீ. நாங்கள் உட்கார்ந்ததும் என் அரைப் பக்கத்தைப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"'தனித்து இருக்க, தேவைப்படுகிறது.' இருக்கன்னா? தனியா இருக்கறதாலயா? இல்ல, வீடும் தனியா இருக்கு, துப்பாக்கியும் வேணுமா?"

நான் அவருடைய டீயைப் பார்த்தேன்.

"யார் எழுதினது?"

"பொண்ணுதான் மேடம்," அப்பா பெருமையோடு. "லா காலேஜ்ல வாத்தியாரு."

"அதான்." என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அப்பாவிடம்: "யாராவது மிரட்டுறாங்களா சார்?"

"இல்ல மேடம்."

"திருட்டு கிருட்டு?"

"எங்க வூட்ல எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

"காட்டுப் பன்னி?"

"நெலமே இல்லியே."

அதிகாரி சிரித்துவிட்டார். அப்பாவும்.

"தோட்டா எத்தனை இருக்கு?"

"கேவுரு மாவு டின்னுல இருக்குது மேடம். போயி எண்ணிச் சொல்றேன்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாவு டின்லயா?"

"வூட்டுக்காரம்மா வச்சது. நான் தொடல. ஏப்ரல்லயே பாத்துட்டேன், அங்கேயே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சார், நான் ஒரு காரணம் எழுதணும். நீங்களே சொல்லுங்க. எதுக்கு வேணும்?"

அப்பா கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். வகுப்பில் கேள்வி கேட்டால் பையன்கள் பார்ப்பார்களே, அது மாதிரி.

"தெனம் காலைல அதத்தான் மேடம் மொதல்ல பாப்பேன். முன்னாடி பாத்தா டியூட்டிக்கு நேரமாச்சேன்னு தோணும். இப்ப அது இருக்கற பரணப் பாத்தா வேற தோணுது." நிறுத்தினார். "அது என் கிட்ட இருக்க வேணாம் மேடம். எடுத்துக்கோங்க."

நான் எழுந்து நின்றேன்.

எதற்கு எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. "மேடம், ஒரு நிமிஷம். அவர் மேல ஒரு புகார் கூட இல்ல. இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு தோட்டா தப்பாப் போனதில்ல. தற்காப்புத் தேவைன்னா மிரட்டல் இருந்தே ஆகணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல. வேலையில இருந்தப்ப நம்பி ஒரு ஆயுதத்தக் குடுத்துட்டு, ஓய்வு பெற்றதும் அவரையே சந்தேகப்படறது—"

நல்ல வாதம். ஹெல்லரின் வக்கீல்கூட இந்த வேகத்தில் பேசியிருக்க மாட்டார்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "உக்காரு பாப்பா."

"இல்லப்பா, அவங்க தப்பா—"

"எதிர்க்கட்சிக்குப் பேசுற."

உட்கார்ந்தேன்.

அதிகாரி எழுத்தரைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். 'ரத்து' என்று ஆரம்பித்தவரை நிறுத்தினார். "ரத்து இல்ல. 'தாமாக முன்வந்து ஒப்படைத்தார்.' அப்படி எழுதுங்க." பிறகு அப்பாவிடம், டீயைத் தள்ளிவைத்துவிட்டு, ரேஷன் கார்டு கேட்பது போலச் சாதாரணமாக: "ராத்திரி தூக்கம் வருதா சார்?"

"சுமாரா."

ஒரு சீட்டில் ஒரு டாக்டரின் பெயர் எழுதிக் கொடுத்தார். அரசு மருத்துவமனை, எந்த அறை, எந்தக் கிழமை. "எங்கப்பாவும் இவர்கிட்டதான் போறார். நல்லாப் பேசுவார். உங்களையும் பேச விடுவார்."

அப்பா வாங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

துப்பாக்கியைப் பற்றி அப்பா சொன்ன வாக்கியத்தை மேலே அப்படியே எழுதியிருக்கிறேன். அதற்கு நான் உரை எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

அம்மா டின்னைக் கவிழ்த்தாள். முறத்தில் மாவு, மாவுக்குள் தோட்டா. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பொறுக்கினார்கள். உளுந்தில் கல் பொறுக்குவது போல.

"தெரிஞ்சிருந்தா சொல்றதுதான?" என்றாள்.

"நீ ஈரம்னு சொன்ன. நான் நம்பிட்டேன்."

அம்மா மாவுக் கையாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். ரசீது வாங்கினோம். அங்கிருந்த ஏட்டு ராணுவத்தில் இருந்தவராம். எந்த ரெஜிமெண்ட், எந்த வருடம் என்று பேச்சு நீண்டது. துப்பாக்கியை யாரும் பார்க்கவே இல்லை. அது பாட்டுக்கு மேஜையில் கிடந்தது.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் இருக்கை அவருக்கு. நான் விடுப்பு எடுத்திருந்தேன். திலகவதியிடமிருந்து செய்தி: "மேடம், அடுத்த கேஸ் என்ன?" பதில் அனுப்பவில்லை. அடுத்தது என்ன என்று எனக்கே மறந்துவிட்டது.

"அந்த எல்லரு," என்றார் அப்பா திடீரென்று.

"ம்."

"ஜெயிச்சாரே. ஜெயிச்சிட்டு வூட்டுக்குப் போயி, அத வச்சிகினு இன்னா பண்ணாரு?"

"தெரியாதுப்பா. தீர்ப்புல அது இல்ல."

"அது எப்பிடி இருக்கும். அவனுங்களுக்கு ஜெயிச்சதோட வேல முடிஞ்சுது."

வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பேருந்து ஒரு மேம்பாலத்தின் அடியில் நின்றது. ஓரமாக ஒரு கடையில் பரோட்டாவைத் தட்டிக் கொண்டிருந்தார்கள். வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"பசிக்குதுடி" என்றார்.

எங்கள் நிறுத்தத்துக்கு இன்னும் வெகு தூரம் இருந்தது. இறங்கிவிட்டோம்.